ஒயின் கூலருக்குள் மேகக்காட்டு ஆர்க்கிட்: குளிரில் பாஸ், ஈரத்தில் ஃபெயில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குளிர்மலைப் பகுதிகளின் குட்டி ஆர்க்கிட்களை வீட்டுக்குள் வளர்க்க, கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் பெட்டிகளில் உருப்படியானது கம்ப்ரசர் வைத்த ஒற்றை அறை ஒயின் கூலர்தான், அதாவது ஒயின் பாட்டில்களுக்கான கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ். 120 முதல் 170 லிட்டர் கொள்ளளவு இருந்தால் நல்லது. ஆனால் வாங்கி வந்து, பிளக்கைச் செருகி, செடியை உள்ளே வைத்து மூடிவிட்டால் சில வாரங்களில் இலை நுனி கருகி, வேர் சுருங்கி, செடி போய்விடும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அது பாட்டிலுக்காகச் செய்தது. குளிரைக் கொடுக்கும்போதே காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிடுங்கி வெளியே அனுப்பிவிடும். அந்த ஒரு பலவீனத்தைச் சரிக்கட்டத் தெரிந்தவர்கள் மட்டும் இதை வாங்கலாம்.

இந்தச் செடிகளுக்குப் பெட்டியே எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமாக: மாஸ்டெவாலியா, டிராகுலா, போரோகுளோசம், லெப்பாந்தஸ் வகைகளில் பல ஆண்டிஸ் மலையின் மேகக்காடுகளில் மரக்கிளைப் பாசியில் ஒட்டி வளர்பவை. டென்ட்ரோபியம் கத்பெர்ட்சோனி நியூகினியின் உயர்ந்த மலைகளைச் சேர்ந்தது. பகலில் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ், இரவில் 10 முதல் 14, ஈரப்பதம் பெரும்பாலும் 75 சதவீதத்துக்கு மேல் என்பது இவற்றின் தேவை. பகலில் சில மணி நேரம் 26 டிகிரியைத் தொட்டால்கூடப் பெரும்பாலானவை தாங்கிக்கொள்ளும். இரவு சூடாக இருப்பதைத்தான் தாங்காது. பகலில் சேர்த்த சர்க்கரையை வெப்பமான இரவில் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். அதோடு மாஸ்டெவாலியா கூட்டத்துக்குப் போலிக்குமிழ் கிடையாது, அதாவது நீரும் உணவும் சேமித்துவைக்கும் தண்டு கிடையாது. இரண்டு வாரம் சூடான இரவுகள் தொடர்ந்தால், பச்சையாகவே இருக்கும் இலை அடிக்காம்போடு கழன்று விழத் தொடங்கும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, குளிர்விப்பது கம்ப்ரசரா, பெல்டியரா என்பது. பெல்டியர் என்பது மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் தகடு. இந்த வகை சத்தமே போடாது, அதிர்வும் இல்லை. ஆனால் அறையைவிடச் சுமார் 10 முதல் 15 டிகிரி வரைதான் கீழே இறக்கும், அதுவும் உள்ளே விளக்கு இல்லாதபோது. அறை 30 டிகிரியில் இருந்தால் இரவில் 15க்கும் 20க்கும் நடுவே நின்றுகொண்டு மோட்டார் ஃபேன் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பகலில் 25 வாட் எல்இடி எரிந்தால், அந்தச் சூட்டை வெளியே தள்ளுவதற்கே அதன் சக்தி முழுதும் போய்விடும். அறை ஆண்டு முழுவதும் 24 டிகிரியைத் தாண்டாது என்றால் மட்டும் பெல்டியர். மற்ற எல்லோருக்கும் கம்ப்ரசர்.

அடுத்து, உள்ளேயோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் ரேட்டிங் ஸ்டிக்கரில் ‘கிளைமேட் கிளாஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘என்’ என்றிருந்தால் அறை வெப்பம் 16 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ‘எஸ்டி’ 38 வரையும், ‘டி’ 43 வரையும் தாங்கும். வெயில் காலத்தில் அறை 32ஐத் தாண்டும் வீட்டில் ‘என்’ மாடலை வைத்தால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும், அப்படியும் இரவு 12 டிகிரி கிடைக்காது. விளம்பரத்தில் இந்த வரி அநேகமாக இருக்காது, ஸ்டிக்கரில்தான் இருக்கும்.

இரட்டை அறை மாடல் வேண்டாம். நடுத்தடுப்பு உயரத்தைத் தின்றுவிடும். விளக்குக்கும் இலைக்கும் நடுவே 25 செ.மீ. விட்டால் டிராகுலா வைக்க இடமிருக்காது. உள் உயரத்தை அளக்கும்போது கீழே பின்பக்கம் கம்ப்ரசருக்காக மேடு தட்டியிருப்பதையும் கணக்கில் கழித்துவிடுங்கள், அங்கே தட்டு பாதி ஆழம்தான் போகும். கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு கூலர் மலிவாகக் கிடைத்தால் அதுவும் ஓடும். அதன் தெர்மோஸ்டாட் 10 டிகிரிக்கு மேல் போகாது என்றாலும், வெளிக் கண்ட்ரோலர் போடப்போகிறோம் என்பதால் அது தடையில்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். கணக்கு போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 150 லிட்டர் பெட்டி முழுக்க நிறைந்தாலும் 2.6 கிராம், அரை டீஸ்பூன் தண்ணீர். செடிகளுக்கு இருக்கும் ஈரக் கையிருப்பே அவ்வளவுதான். இப்போது பின்சுவரில் குளிர்விக்கும் குழாய்ச்சுருள், அதாவது ‘காயில்’ (coil), 2 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதைத் தொட்டுவரும் காற்றில் கன மீட்டருக்கு 5.6 கிராம்தான் மிஞ்சும், மீதி காயிலில் வியர்த்து, குழாய் வழியாக வெளியே போய்விடும். அந்தக் காற்று 12 டிகிரிக்குத் திரும்பும்போது ஈரப்பதம் 52 சதவீதம். காயில் உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி போனால் சுமார் 30 சதவீதம்தான் தேறும். பெட்டி குளிர்ச்சியாக இருக்கும், கண்ணாடி பளிச்சென்று இருக்கும், லெப்பாந்தஸ் இலை மட்டும் ஓரத்திலிருந்து சுருளும்.

அதனால் ‘நோ ஃப்ராஸ்ட்’ என்று பெருமையாக ஒட்டியிருப்பது இந்த வேலைக்குப் பெருமையல்ல. தகடு தகடாக அடுக்கிய சிறிய காயில் வழியே ஃபேன் காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஈரம் வேகமாகப் போகும். பின்சுவரே குளிரும் பழைய பாணி மாடல் மேல். பரப்பு பெரிது, அந்தளவுக்குக் கடும் குளிராக இருக்கத் தேவையில்லை. அந்தச் சுவரின் மேல் காற்று ஓடும்படி உள்ளே ஒரு சிறிய ஃபேன் வைத்தால் சுவரின் வெப்பநிலை இன்னும் கொஞ்சம் ஏறும், ஈர இழப்பு குறையும். காற்றோட்டம் கூடினால் செடி காயும் என்றுதான் தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. ஒரே கவனம், சுவரைத் தொட்டபடி எந்த இலையும் இருக்கக்கூடாது. தொட்ட இடம் கண்ணாடி போலாகி மறுநாள் கறுக்கும்.

இழப்பை ஈடுகட்ட மூன்று வழிகள் உண்டு. அடித்தட்டில் தண்ணீர் ஊற்றிய களிமண் உருண்டை டிரே வைப்பது முதல் வழி. உதவும், ஆனால் 12 டிகிரியில் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், அதை மட்டும் நம்ப முடியாது. தண்ணீரை அதிரவைத்துப் புகை போலக் கக்கும் அல்ட்ராசானிக் ஃபாகர் இரண்டாவது. சிறிய பெட்டிக்குப் போதும், ஆனால் சுத்த நீர் ஊற்றாவிட்டால் இலையெல்லாம் வெள்ளைப் பொடி படியும். அதன் தட்டும் தேய்ந்து அடிக்கடி மாற்றச் சொல்லும். மூன்றாவதும் சிறந்ததுமான வழி, 24 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் போட்ட மிஸ்டிங் செட். 100 பிஎஸ்ஐக்குமேல் அழுத்தம் தரும் பம்பும் இரண்டு நாஸிலும் இந்த அளவு பெட்டிக்குத் தாராளம். விளக்கு எரியும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை 10 முதல் 15 விநாடி தெளிப்பு போதும். கடைசித் தெளிப்பு விளக்கு அணைய இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். நனைந்த இலை குருத்தோடு 12 டிகிரி இருட்டுக்குள் போனால் பாக்டீரியா அழுகல் வரும், நடுக்குருத்து பழுப்பாகி இழுத்தால் கையோடு வரும். செடிகள் ஸ்பேக்னம் பாசியில் நிறைய இருந்தால் இரவு ஈரத்தை அந்தப் பாசியே ஓரளவு பார்த்துக்கொள்ளும். காலியாகக் கிடக்கும் பெட்டியில் ஈரத்தை நிறுத்துவதுதான் சிரமம்.

ஈரப்பத மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான சென்சார்கள் எப்போதும் 95க்கு மேலுள்ள காற்றில் இருந்தால் 99 என்றே உறைந்துவிடும். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் போட்டு இறுக்கி மூடுங்கள். இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்த்தால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம். 8 புள்ளிக்குமேல் தள்ளினால் சென்சாரைத் தூக்கிப் போடுங்கள்.

கண்ட்ரோலர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது இங்கேதான் நடக்கிறது. ஒயின் கூலரின் சொந்தத் தெர்மோஸ்டாட் பொதுவாக 5 முதல் 18 டிகிரிக்குள் ஒரே எண்ணில் நிற்கும், பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளாது. ஆகவே பகல்-இரவு என இரண்டு செட் பாயிண்ட் வைக்கக்கூடிய வெளிக் கண்ட்ரோலர் தேவை. கூலரை அதன் மிகக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டு, கரண்ட் கொடுப்பதையும் நிறுத்துவதையும் கண்ட்ரோலரிடம் விடுங்கள். பகல் 20, இரவு 12, கம்ப்ரசர் நிற்கும் எண்ணுக்கும் மறுபடி கிளம்பும் எண்ணுக்கும் இடைவெளி 1.5 அல்லது 2 டிகிரி. கம்ப்ரசர் டிலே 5 நிமிடம் கட்டாயம். நின்றவுடனே மறுபடி கிளம்பினால் உள்ளே அழுத்தம் சமனாகியிருக்காது, மோட்டார் திணறும், கொஞ்ச நாளில் புகைந்துபோகும். சென்சார் கம்பி செடி உயரத்தில், விளக்கின் நேர் ஒளி படாமல், காற்றில் தொங்க வேண்டும். தொட்டிக்குள் செருகினால் பாசியின் வெப்பத்தைக் காட்டும், சுவரில் ஒட்டினால் காயிலின் வெப்பத்தைக் காட்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டச் பேனல் வைத்த மாடல்களில் சில, கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்பாது. யாராவது பட்டனை அழுத்த வேண்டும். இல்லையென்றால் பழைய எண்ணை மறந்து கம்பெனி வைத்த எண்ணுக்குத் திரும்பிவிடும். வெளிக் கண்ட்ரோலர் ஒரு நாளைக்குப் பலமுறை கரண்டை வெட்டிச் சேர்க்கும் என்பதால் இப்படிப்பட்ட மாடல் இந்த வேலைக்கு உதவாது. கடையிலேயே 5 டிகிரிக்கு வைத்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துச் செருகச் சொல்லுங்கள். பேனலைத் தொடாமலே விளக்கு எரிந்து, அதே 5 காட்டி, கம்ப்ரசர் உறுமத் தொடங்கினால் எடுத்துக்கொள்ளலாம். திருகும் குமிழ் வைத்த பழைய மாடலில் இந்தத் தொல்லையே இல்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மாடல்கள் மெதுவாக ஓடி காயிலை அதிகம் குளிர்விக்காமல் வைப்பதால் ஈரத்துக்கு நல்லவைதான், ஆனால் அடிக்கடி கரண்டை வெட்டுவது அவற்றின் போர்டுக்கு ஆகாது. போனிலிருந்து நேரம் வைத்து வெப்பநிலையை மாற்றும் வசதி இருந்தால் மட்டும் அவற்றைப் பாருங்கள்.

விளக்குக்கு 4,000 முதல் 5,000 கெல்வின் வெள்ளை எல்இடி போதும். ஊதா நிற விளக்கில் பூவின் நிறமும் தெரியாது, நோயும் தெரியாது. 40க்கு 50 செ.மீ. தட்டுக்கு 20 முதல் 25 வாட், அலுமினியத் தகட்டில் ஒட்டிய ஸ்ட்ரிப், அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டிக்கு வெளியே. செடிக்குப் பயன்படும் ஒளியை மைக்ரோமோலில் அளப்பார்கள்: டிராகுலாவுக்கு 50 முதல் 80 மைக்ரோமோல், மாஸ்டெவாலியாவுக்கு 80 முதல் 120, கத்பெர்ட்சோனிக்கு 150க்குமேல். போன் லக்ஸ் மீட்டர்தான் இருக்கிறதென்றால், வெள்ளை எல்இடியில் 100 மைக்ரோமோல் என்பது தோராயமாக 7,000 லக்ஸ். நாளுக்கு 12 மணி நேரம். வெளியே பகலாக இருக்கும்போதே உள்ளேயும் பகலாக வைப்பது மின்சாரத்துக்கு நல்லது. அறை அதிகம் சுடும் நேரத்தில் பெட்டியை 20க்குப் பிடித்தால் போதும், 12க்கு இறக்குவது அறை ஆறிய பிறகு. பூஞ்சையும் பாசியும் பிடிப்பதால் மர அடுக்குகளை எடுத்துவிடுங்கள். குரோம் பூசிய கம்பித் தட்டு ஓராண்டுக்குள் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போடுங்கள்.

வயரை உள்ளே கொண்டுபோகச் சுவரில் துளை போடும் ஆசை வரும். போடாதீர்கள். பின்சுவரிலும் பல மாடல்களில் பக்கச்சுவர்களிலும் கேஸ் குழாய் ஓடுகிறது, எங்கே என்று வெளியே தெரியாது. இப்போது வரும் பெரும்பாலான கூலர்களில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. ட்ரில் முனை குழாயில் பட்டால் பெட்டியும் போச்சு, ஆபத்தும் கூட. தட்டையான ரிப்பன் வயரைக் கதவு ரப்பருக்கு அடியில் விடலாம். சில மாடல்களில் கரி ஃபில்டர் வைத்த காற்றுத் துளை ஒன்று இருக்கும், அது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். உள்ளே போவது எல்லாம் 12 அல்லது 24 வோல்ட் மட்டும். அடாப்டர்கள் வெளியே, தரையிலிருந்து உயரத்தில். முழு செட்டும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச், வழியாகத்தான் போக வேண்டும். சிறிய மாற்றம் செய்தாலும் வாரண்டி கைவிட்டுப்போகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகால் குழாயையும் கவனிக்க வேண்டும். பாட்டில் வைத்த பெட்டியில் வடிவது சில சொட்டு, அது கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் காய்ந்துவிடும். மிஸ்டிங் வைத்தால் வடியும் அளவு பல மடங்கு, தட்டு நிரம்பித் தரைக்கு வரும். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். துளையில் பாசித் துணுக்கு அடைக்கும், ஒரு சிறிய வலைத்துண்டு வைத்தால் தீர்ந்தது.

உள் ஃபேன் 80 அல்லது 92 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் போதும், நீர் புகாத ஐபி67 வகையாக இருந்தால் நீடிக்கும். 12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டுங்கள், 24 மணி நேரமும். இலை லேசாக நடுங்க வேண்டும், ஆடக்கூடாது.

தண்ணீர் ஆர்ஓ அல்லது மழைநீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50 பிபிஎம்முக்குள். உரம் கலந்தபின் 100 முதல் 150 பிபிஎம், அதற்குமேல் போனால் முதலில் இலை நுனி கறுத்து எச்சரிக்கும். சுத்த ஆர்ஓ என்றால் கால்சியம், மக்னீசியம் சேர்ந்த உரமாக எடுங்கள். பாசியை 12 முதல் 18 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். கத்பெர்ட்சோனி மட்டும் தொட்டி மாற்றுவதை வெறுக்கும், பாசி கெட்டாலும் வெறுக்கும். ஆகவே அதைத் தொடக்கத்திலேயே மரப்பட்டையில் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். நன்றாக அமைந்தால் அதன் ஒரே பூ பல மாதம் வாடாமல் நிற்கும், இத்தனை வயரும் பம்பும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.

என்ன செடி வைக்கலாம்? 5 செ.மீ. தொட்டியாக வைத்தால் ஒரு தட்டில் 25 வரை நெருக்கடியில்லாமல் நிற்கும். தொடங்குபவர்களுக்கு மாஸ்டெவாலியா டெகுமானா, சிறிய டிரையடெல்லாக்கள், போரோகுளோசம் மஸ்கோசம். போரோகுளோசத்தின் உதட்டிதழ் ஊசிமுனை பட்டாலே சட்டென்று மேலே மூடிக்கொள்ளும், உள்ளே வரும் பூச்சியைச் சிறைபிடித்து மகரந்தம் ஒட்ட வைக்கும் ஏற்பாடு அது. டிராகுலாவில் பூந்தண்டு தொட்டியின் அடியைத் துளைத்துக் கீழே இறங்கும், வலைக்கூடையில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மொட்டு உள்ளேயே அழுகும். சிறியதெல்லாம் குளிர்ச்செடி என்று நினைத்துவிடக்கூடாது. லெப்பாந்தஸ் டெலிபோகோனிஃப்ளோரா தாழ்நிலத்துச் செடி, 12 டிகிரி இரவில் வாடி நிற்கும்.

செடி வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பெட்டியை வெறும் ஈரப்பாசித் தொட்டிகளோடு ஓட்டி, டேட்டா லாகரில் வெப்பமும் ஈரமும் எழுதவிடுங்கள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 3 டிகிரிக்குமேல் வித்தியாசம் வந்தால் ஃபேனின் இடத்தை மாற்ற வேண்டும். இரவில் ஈரப்பதக் கோடு ரம்பப்பல் போல ஏறி இறங்கும், ஒவ்வொரு பள்ளமும் கம்ப்ரசர் ஓடிய நேரம். பள்ளம் 70க்குக் கீழே போகாவிட்டால் செடி வைக்கலாம். புதுச்செடியை ஒரு மாதமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். பாசியோடு வரும் குட்டி நத்தை ஒன்று நுழைந்தாலும் வேர் நுனிகளையும் மொட்டுகளையும் இரவோடு இரவாகத் தின்றுவிடும், மூடிய பெட்டியில் அதை ஒழிப்பது கழுத்தறுப்பு.

குறைகளில் இன்னும் இரண்டு. வெளியே புழுக்கமான அறையில் கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஓரங்களில் வியர்த்து வழியும், தரையில் ஒரு துணி நிரந்தரம். ரப்பர் மடிப்பில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் துடைத்தால் போகும்.

மிகப் பெரிய ஆபத்து, ரிலே பழுதாகி கம்ப்ரசர் நின்றுபோய் விளக்கு மட்டும் எரிவது. மூடிய பெட்டிக்குள் 25 வாட் எரிந்தால் உள்வெப்பம் அறையைவிட 10 டிகிரிகூட மேலே போகும், ஒரே பிற்பகலில் எல்லாம் வெந்துவிடும். 26 டிகிரியில் விளக்கை வெட்டும் தனித் தெர்மோஸ்டாட் ஒன்றை, முதல் கண்ட்ரோலரோடு சேர்க்காமல், தனியாக மாட்டுங்கள். நீண்ட மின்வெட்டுக்கு ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் ஐஸ் பாட்டில்கள் இரண்டு இருக்கட்டும். துண்டில் சுற்றி மேல்தட்டில் வைத்து, விளக்கை அணைத்து, கதவைத் திறக்காமல் விட்டால் பல மணி நேரம் சமாளிக்கும்.